நிறுத்தி நிறுத்திப் போட்ட சீட்டுகள்

ஏங்க,

இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கதவுக் கைப்பிடியில் ஒரு நோட்டீஸ் செருகியிருந்தது. பெருநாள் விடுமுறைக்கு ஜார்ஜியா. விமானம், ஹோட்டல், காலைச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே விலை. மேலே மலை உச்சியில் இருக்கிற அந்தத் தேவாலயத்தின் படம். விலையை இரண்டு பேருக்குத்தான் போட்டிருந்தான். தனி ஆளுக்கு எவ்வளவு என்று திருப்பித் திருப்பிப் பார்த்தும் எங்கேயும் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே கிழித்துப் போட்டிருப்பேன். பக்கத்து ஃபிளாட் மலையாளி அம்மா லிஃப்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு நோட்டீஸை உள்ளே எடுத்து வந்துவிட்டேன்.

சாப்பாட்டு மேஜையில் அதை வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஏ.சி. சத்தம் தவிர வீட்டில் வேறு சத்தம் இல்லை. காலையிலிருந்து வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. ஆனாலும் யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தது. யாரிடமாவது என்ன, உங்களிடம்தான்.

நம் மகள் படிக்கக் கனடா போன வருஷம் உங்களுக்கு மறந்திருக்காது. அவளை ஏற்றிவிட்டு ஏர்போர்ட்டிலிருந்து ஷார்ஜா திரும்பும்வரை காரில் நாம் ஒரு வார்த்தை பேசவில்லை. வருத்தத்தில் பேச முடியவில்லை என்று நினைத்தேன். அடுத்த வாரமும் பேசவில்லை. அடுத்த மாதமும் பேசவில்லை. அப்புறம்தான் உறைத்தது, நமக்குப் பேச விஷயமே இல்லை என்று. இருபது வருஷமாக நாம் பேசியதெல்லாம் அவளுடைய பரீட்சை, அவளுடைய ஃபீஸ், அவளுடைய மூக்கடைப்பு. நீங்கள் துபாய் டிராஃபிக்கில் ஊர்ந்து வந்து, சாப்பிட்டுவிட்டு டி.வி. முன்னால் உட்காருவீர்கள். நான் மறுநாள் கே.ஜி. பிள்ளைகளுக்கு ஒட்டக் கொடுக்கிற வண்ணக் காகிதத்தை வெட்டிக்கொண்டிருப்பேன். “மோர் வேணுமா?” “வேணாம்.” அன்றைய பேச்சு அதோடு முடிந்துவிடும். கடைசிவரை இப்படித்தானா என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால்கூடப் பொறாமையாக இருந்தது.

அப்படி ஒரு சாயங்காலம், மஃரிப் பாங்கு சொல்லிக்கொண்டிருக்கும்போது, பத்து திர்ஹம் கடைப் பையோடு வந்தீர்கள். உள்ளே ஒரு சீட்டுக்கட்டு.

“டீச்சர், இங்க வந்து உக்காரு. சீட்டைப் போடு.”

“என்ன, ரம்மியா?”

“பிளாக்ஜாக். போன சீட்டை எண்ணிக்கிட்டே வந்தா கேசினோவையே ஜெயிக்கலாமாம். கணக்குப் போட்டு நிரூபிச்சிருக்காங்க. ஆபீஸ்ல சாப்பாட்டு நேரத்துல வீடியோ பாத்தேன்.”

“இந்த ஊர்ல இதையெல்லாம் ஆடினா பிடிச்சு உள்ள வச்சிருவாங்க.”

“காசு வச்சாத்தான தப்பு? கொண்டைக்கடலை எடுத்துட்டு வா.”

கட்டிடத்துக்கு எவ்வளவு செங்கல், எவ்வளவு கம்பி என்று கணக்குப் பார்க்கிற உத்தியோகம் உங்களுடையது. வீட்டுக்கு வந்தும் கணக்கா என்று முணுமுணுத்தபடிதான் டப்பாவை எடுத்து வந்தேன். ஆட்டம் என்னவோ சுலபம்தான். படச் சீட்டுக்கெல்லாம் பத்து என்று வைத்து, கையில் இருக்கிற சீட்டுகளைக் கூட்டினால் இருபத்தொன்றைத் தாண்டக் கூடாது. ஆனால் சீட்டுப் போடுகிறவரைவிட அதிகமாக இருக்க வேண்டும். எண்ணுகிற வித்தையையும் சொல்லிக் கொடுத்தீர்கள். இரண்டிலிருந்து ஆறு வரை எந்தச் சீட்டு வந்தாலும் மனத்துக்குள் ஒன்று கூட்ட வேண்டும். ஏழு, எட்டு, ஒன்பது வந்தால் கண்டுகொள்ளக் கூடாது. பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் வந்தால் ஒன்று கழிக்க வேண்டும். எண்ணிக்கை ஏற ஏறச் சின்னச் சீட்டெல்லாம் போய்விட்டது, பெரிய சீட்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அப்போது துணிந்து பந்தயம் கட்ட வேண்டும். முழுக் கட்டையும் தப்பில்லாமல் எண்ணி முடித்தால் பூஜ்ஜியம் வரும். உங்களுக்கு முதல் நாள் ஏழு வந்தது. நான் சிரித்த சிரிப்பில் நீங்களும் சிரித்துவிட்டீர்கள். அந்த மேஜையில் நாம் சேர்ந்து சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

அதற்கப்புறம் தினமும் நான்தான் சீட்டுப் போட வேண்டும். நீங்கள் ஜெயித்த கடலையை மறுநாள் ஊறவைத்துச் சுண்டல் செய்தேன். “கேசினோ சுண்டல்” என்று பெயர் வைத்து ஆபீசுக்கும் கொண்டுபோனீர்கள்.

பூஜ்ஜியம் ஒழுங்காக வர ஆரம்பித்ததும் புதிதாக ஒரு சட்டம் போட்டீர்கள். “கேசினோவுல ஒரே சத்தமா இருக்கும். அதனால நீ பேச்சுக் குடுத்துக்கிட்டே போடு. என் கவனத்தைக் கலைக்கணும், அதான் உன் வேலை.” எதைப் பேசுவது? முதலில் வகுப்புக் கதைகளைச் சொன்னேன். பசையைத் தின்ற பையன், அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்த குழந்தை. அதெல்லாம் இரண்டு வாரத்தில் தீர்ந்தது. பிறகு நாத்தனாரைப் பற்றிப் பேசினேன். எண்ணிக்கை கலையவேயில்லை, என் மனதில்தான் கொஞ்சம் பாரம் குறைந்தது. ஒரு நாள் பேச எதுவும் அகப்படாமல், கல்யாணத்துக்கு முன்னால் மதுரையில் பேங்கில் வேலை பார்த்ததைச் சொன்னேன். கவுன்டரில் என் பெயர்ப் பலகை இருந்ததையும், இங்கே கிளம்புவதற்கு முந்தின நாள் அதைத் துடைத்து மேஜைக்குள் வைத்துவிட்டு வந்ததையும் சொன்னேன். நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள்.

“எண்ணிக்கை போச்சு,” என்றீர்கள். கொஞ்சம் கழித்து, “அந்த வேலை உனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சா?” என்றீர்கள்.

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு கேள்வியை நீங்கள் கேட்டதில்லை. நானும் பதில் சொல்லிப் பழகியதில்லை. அன்றைக்கு இரண்டு பேரும் சீட்டைத் தொடவில்லை. சோறு ஆறிப்போகும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

அப்புறம்தான் ஜார்ஜியா. ஷார்ஜாவில் இருக்கிறவர்கள் பாதிப் பேர் பெருநாளுக்கு அங்கே போகிறார்கள். விசா தொல்லை இல்லை, பனி பார்க்கலாம். நாம் மட்டும் கேசினோ பார்க்கப் போனோம். ராத்திரியில் அந்த மாதிரி இடத்துக்கு வர மாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்ததால் பட்டப்பகலில், மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பினோம். வாசலில் பாஸ்போர்ட் வாங்கிப் பார்த்துப் படம் பிடித்தார்கள். நான் சுடிதாரும் சால்வையுமாகக் கோயிலுக்கு வந்தவள்போல நின்றேன். தோற்றாலும் இதற்குமேல் எடுப்பதில்லை என்று ஒரு தொகையைத் தனியாக வைத்திருந்தீர்கள். எண்ணுகிறவர்களைக் கண்டுபிடித்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று வீடியோவில் சொன்னார்களாம். “நம்மளைத் துரத்தினாங்கன்னா அதுதான் சர்டிபிகேட்,” என்றீர்கள்.

சீட்டுப் போட்டது நம் மகள் வயதில் ஒரு பெண். அவள் கை பறந்தது. சீட்டு விழுவதும் தெரியவில்லை, அள்ளிக்கொண்டு போவதும் தெரியவில்லை. இரண்டாவது ஆட்டம் முடிவதற்குள் நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். பரீட்சையில் பேனா தீர்ந்துபோன பையனின் முகம்.

“விட்டுட்டேன்,” என்றீர்கள்.

“அஞ்சு,” என்றேன்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். பஸ்ஸில் ஏறுகிற பிள்ளைகளை ஓட ஓட எண்ணிப் பழகியவள் நான். நீங்கள் எண்ணியபோதெல்லாம் எதிரில் உட்கார்ந்து நானும் எண்ணியிருக்கிறேன்போல. அதற்கப்புறம் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று எண்ணிக்கையைத் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர், “உங்கள் மனைவி பிரார்த்தனை செய்கிறாரா?” என்று இங்கிலீஷில் கேட்டார். நீங்கள் கூசாமல், “ஆமாம், ரொம்பப் பக்தி,” என்றீர்கள்.

எண்ணிக்கை ஏறியது. பத்து, பன்னிரண்டு, பதினான்கு. கட்டு தீர இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. இதற்குத்தானே அத்தனை மாதம் காத்திருந்தோம். மிச்சமிருந்ததை எல்லாம் முன்னால் தள்ளினீர்கள். உங்களுக்கு இரண்டு ராஜா வந்தது, இருபது. அவளுக்கு ஒரு ஆறு. என் கை உங்கள் சட்டையைப் பிடித்திருந்தது. அடுத்து ராணி எடுத்தாள், பதினாறு. இன்னொரு பெரிய சீட்டு வந்தால் அவள் கதை முடிந்தது. ஐந்து வந்தது. இருபத்தொன்று.

எழுந்து வந்தோம். ஒருவரும் நம்மைத் துரத்தவில்லை. மேனேஜர் மாதிரி இருந்தவர் டீயும் கேக்கும் கொடுத்து, மறுபடியும் வாருங்கள் என்று கைகுலுக்கினார். பணம் போனதைவிட அந்த மரியாதைதான் உங்களை ரொம்ப நோகடித்தது.

தெருவில் நல்ல குளிர். கொஞ்ச தூரம் நடந்ததும் நின்றுவிட்டீர்கள்.

“வீட்ல ஏன் எனக்கு வந்துச்சு, இங்க ஏன் வரலை தெரியுமா? நீ எனக்காக நிறுத்தி நிறுத்திப் போட்டிருக்கே. நான் எண்ணி முடிச்சிட்டேனான்னு என் உதட்டைப் பாத்துட்டுத்தான் அடுத்த சீட்டைப் போட்டிருக்கே. இத்தனை நாளும்.”

சத்தியமாக எனக்கே அது தெரியாது. திட்டப்போகிறீர்கள் என்று நினைத்தேன். நடுத்தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். ஷார்ஜாவில் நம் முவைலா வீட்டுக்குக் கீழே கடைக்குப் போகும்போதுகூட நான்கடி முன்னால் நடக்கிற மனிதர் நீங்கள். ஹோட்டல் வரும்வரை விடவில்லை.

“அப்ப இது பொய்யா?” என்று கேட்டேன்.

“பொய் இல்ல டீச்சர். கடைசி ஆட்டத்தைச் சரியாத்தான் போட்டோம். சரியாப் போட்டும் தோக்கலாம். நமக்குச் சாதகம் துளியூண்டுதான். அது கைக்கு வரணும்னா ஆயிரக்கணக்குல ஆடணும். எந்திரிக்காம உக்காந்திருக்கணும்.”

திரும்பி வந்ததும் வேகமாகப் போடச் சொன்னீர்கள். நான் கருணையில்லாமல் போடப் பழகினேன். நீங்களும் விடாமல் பிடித்தீர்கள். அடுத்த பெருநாளுக்கு மறுபடியும் போவதென்று முடிவு செய்தோம். கேசினோவுக்கா, அந்தத் தெருவில் நடப்பதற்கா என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பாதிக் கட்டுப் போட்டிருப்பேன், மகள் வீடியோ காலில் வந்துவிட்டாள். புதிதாக வாங்கின குளிர்க்கோட்டைப் போட்டுக் காட்டினாள். அவள் போனை வைக்கும்போது தூங்குகிற நேரம் ஆகிவிட்டது. “நாளைக்கு முடிச்சுக்கலாம். எண்ணிக்கை நாலு. ஞாபகம் வச்சுக்க,” என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தீர்கள்.

மறுநாள் ஆபீஸ் மீட்டிங்கில் தண்ணீர் கேட்டீர்களாம். கொண்டுவருவதற்குள் சாய்ந்துவிட்டீர்களாம். வகுப்பு வாசலில் பிரின்சிபால் மேடம் வந்து நின்றபோது, எந்தப் பிள்ளையின் வீட்டில் என்னவோ என்றுதான் நினைத்தேன்.

மாத்திரை தவறியதில்லை, பார்க்கில் நடை தவறியதில்லை, சோற்றைக்கூடக் குறைத்திருந்தீர்கள். ரொம்ப நாள் நான் எங்கே கோட்டை விட்டேன் என்று தேடிக்கொண்டிருந்தேன். எந்த டாக்டரிடம் காட்டாமல் விட்டேன், எந்தச் சொல்லைக் காதில் வாங்காமல் விட்டேன் என்று ஒவ்வொரு நாளாகப் பின்னால் போய்ப் பார்த்தேன். அப்புறம், சரியாப் போட்டும் தோக்கலாம் என்று அந்தக் குளிரில் நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. அது ஆறுதலா என்றால் இல்லை. தூக்கம் மட்டும் கொஞ்சம் வருகிறது.

ஊரில் காரியமெல்லாம் முடிந்து, வேலை இருக்கிறதே என்று திரும்பி வந்துவிட்டேன். மகள் வாராவாரம், “இங்க வந்துரும்மா, ப்ளீஸ்,” என்கிறாள். இந்தப் பள்ளி வருஷம் முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறேன். இந்த வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லை. முன்பு நாம் இரண்டு பேரும் பேசாமல் இருந்தோமே, அதுகூட எவ்வளவோ தேவலை. மோர் வேணுமா என்று கேட்கவாவது ஆள் இருந்தது.

போன வாரம் திடீரென்று கேட்டாள். “அம்மா, அந்த கார்டு கவுன்டிங் நிஜமாவே வொர்க் ஆகுமா? அப்பா ஃபைனலா ஜெயிச்சாரா?”

“வொர்க் ஆகும்டி. ஆனா ரொம்ப நேரம் ஆடணும். பாதில எந்திரிச்சிட்டா ஒண்ணும் தெரியாது.”

“சாப்ட்டியாம்மா?” என்றாள். சாப்பிட்டேன் என்றேன். வைத்தபிறகு முகம் கழுவிக்கொண்டு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

போட்ட சீட்டும் போடாத சீட்டும் கலந்துவிடாமல், தனித்தனியாக ரப்பர் பேண்டு சுற்றி வைத்திருக்கிறேன். போடாத பாதியை நான் புரட்டிப் பார்க்கவில்லை. சின்னதெல்லாம் நிறையப் போய்விட்டது. ராஜா, ராணியெல்லாம் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள்.

நாலுங்க. மறக்கலை.