சாவி தொலைந்தால் தேடும் பக்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடையை நான் தூக்கி நிறுத்துவேன் என்று அப்போதே சொன்னேன், சொன்னபடியே நடந்துவிட்டது! அத்தானின் முழங்கால் வலி தேவலையா? நான் கல்லுக்குண்டு போல இருக்கிறேன்.

எங்கள் பூட்டுக் கடை இணையத்தில் தேடினால் அகப்படாது. அதனால் வியாபாரமே இல்லை, இப்படியே போனால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். பார்த்தால், கடையின் எல்லா இணையப் பக்கங்களுக்கும் தலைப்பு "நல்வரவு"!

"சாவியத் தொலைச்சுட்டு வாசல்ல நிக்கிறவன் நல்வரவுன்னா தேடுவான்?" என்றேன்.

"சரிய்யா மேதாவி, நீயே மாத்து" என்றார்.

ஒரு பக்கத்துக்கு, "சாவி தொலைந்தால் கதவைத் திறப்பது எப்படி" என்று வைத்தேன். மறுநாளே கடைத் தொலைபேசி ஓயாமல் அலறியது.

பிள்ளைகளிடம் மாமா பெருமையைச் சொல். நீயும் அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்த்து, கடைக்கு ஒருமுறை கூப்பிடு. நான்தான் எடுப்பேன். பூட்டைப் பற்றியே பேசு, போதும்.

முதலாளி வருகிறார், முடிக்கிறேன்.

உன் தம்பி

பி.கு.: தொலைபேசி அலறியது மட்டும் என் சொந்தச் சரக்கு. இன்னும் ஒருவரும் கூப்பிடவில்லை.