‘கட்’ சொன்ன பிறகு

மார்ச் 4, செவ்வாய்

டெல்ஃபியின் படப்பிடிப்பு தொடங்கிவிட்டது. இத்தனை வருஷம் எனக்கும் அவளுக்கும் காக்கநாட்டில் ஒரே எடிட்டிங் அறை, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. தயாரிப்பாளர் வர்க்கிச்சன் இருவரிடமும் கதை கேட்டார். அவளுடையதை எடுத்துக்கொண்டார். “நம்ம டெல்ஃபி படம்தானே, நீயே வெட்டிக் குடு மோளே” என்றார் என்னிடம். சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மார்ச் 19

வெட்ட ஒன்றுமே இல்லை. எடிட்டராக இருந்தவள் அல்லவா — மனதிலேயே வெட்டிவிட்டுத் தேவையான துண்டை மட்டும் எடுக்கிறாள். உபரியாக ஒரு ஷாட் கிடையாது. செட்டில் எல்லோரும் மெச்சுகிறார்களாம். அவள் தைத்து அனுப்பும் சட்டைக்கு நான் இங்கே பொத்தான் தைக்கிறேன்.

மார்ச் 20

அவள் தோற்க வேண்டும். — இதை எழுதியிருக்கக் கூடாது.

ஏப்ரல் 11

மகன் இறந்த செய்தி கேட்டு, அம்மாவாக நடிக்கும் ராதாமணி சேச்சி அழும் காட்சி வந்தது. ஒரே ஷாட். அழுகை பொய். மாற்றிப் போட வேறு எதுவும் எடுக்கவில்லை, செட்டையும் பிரித்தாயிற்று. படமே அந்தக் காட்சியை நம்பித்தான் இருக்கிறது.

“என்னடீ பண்றது? வர்க்கிச்சன் என்னைக் கொன்னுடுவாரு” என்றாள் போனில்.

“நீதானே டைரக்டர். நீயே சொல்லு.”

போனை வைத்துவிட்டேன். மனசு குளிர்ந்தது. சீ.

ஏப்ரல் 13

அவள் ‘கட்’ சொன்ன பிறகும் கேமரா கொஞ்சம் ஓடியிருக்கிறது. சேச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு, குனிந்து செருப்பைத் தேடுகிறார். செருப்பு திரையில் தெரியவில்லை. பிள்ளையைத் தேடுவதுபோல் இருக்கிறது. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

நான் சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்?

ஏப்ரல் 14, விஷு

அழுகையைத் தூக்கி எறிந்துவிட்டு அதை வைத்தேன். அவளுக்காக இல்லை. வைக்காமல் இருக்கக் கை கேட்கவில்லை.

ஜூன் 2

வர்க்கிச்சன் படம் பார்த்து மூக்கைச் சிந்தினார். “அந்தம்மா குனிஞ்சு தேடுற இடம்! எடிட்டரா இருந்தவ எடுத்தா சும்மாவா? எப்படி மோளே தோணிச்சு?” என்றார் அவளிடம்.

டெல்ஃபி என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, “தோணிச்சு அச்சாயா.”

எரிகிறது. இன்னும் எரிகிறது.

செப்டம்பர் 9

படம் ஓடுகிறது. இன்று வர்க்கிச்சன் வீட்டில் மதியச் சாப்பாடு, அடுத்த படத்தின் பேச்சு. என்னைக் காட்டி, “இதுக்கும் இவதானே?” என்றார்.

டெல்ஃபி மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “வேண்டாம் அச்சாயா. இதை நானே வெட்டிக்கறேன்.”

“ஏன், இவ கைக்கு என்ன குறைச்சல்?”

“ஒண்ணுமில்ல. செலவு மிச்சமாகுமேன்னுதான்.”

அந்தக் குரல் எனக்குத் தெரியும். மார்ச்சில் ‘அவள் தோற்க வேண்டும்’ என்று எழுதியதிலிருந்து என் தொண்டையில் இருந்த குரல்.

இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.