கருவாட்டுக் குழம்பு கேட்டவளுக்கு

கீழ்வீட்டில் கருவாடு வறுக்கிறார்கள். பென்னலூரில் எங்கள் மாடிப்படிக்கு இந்த வாசம் புதிதல்ல. இன்று மட்டும் கதவைச் சாத்தாமல் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

கல்லூரியில் வேதியியல் வகுப்பில் நமக்கு ஒரே பெஞ்ச். பிறகு நீ ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனிக்குப் போனாய். நான் மருந்து ஆய்வகத்துக்கு. பீடி வாசமே ஆகாத உனக்கு நுரையீரலில் புற்றுநோய் என்றபோது அழுதது நான்தான். நீ லீவு எழுதிக் கொடுக்கப் போய்விட்டாய்.

மூன்றாவது கீமோ ஊசிக்கு நீ போனபோது, எடை மிகவும் இறங்கிவிட்டது, உடம்பு தாங்காது என்று மருத்துவர் திருப்பி அனுப்பினார். வடக்குப்பட்டில் உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். உன் கணவர் ஆரஞ்சு பிழிந்துகொண்டிருந்தார்.

"சோறு துன்னா கட்டி வளரும்னு போன்ல வந்துது. அதான் ஜூஸ் மட்டும் குடுத்துகினு கீறேன்."

நான் கத்தத் தொடங்கினேன். நீ என் கையைப் பிடித்தாய்.

"அவர திட்டாதடி. பயந்துகினு கீறாரு. இன்னா துன்னலாம்னு ஆஸ்பத்திரில எழுதி வாங்கினு வா. கருவாட்டுக் கொழம்பையும் சேத்துக் கேளு."

முட்டை, பருப்பு, கேழ்வரகுக் கஞ்சி, வேர்க்கடலை. கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை என்று உணவு ஆலோசகர் எழுதித் தந்தார். கருவாடு? சிரித்துவிட்டு, உப்பைக் கழுவி எப்போதாவது என்றார். உன் கணவரே சமைத்தார். எடை ஏறியது, ஊசியும் மறுபடி தொடங்கியது. அந்த ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு உன் மகளோடு நடந்தே போனாய். சாப்பாடு நோயைத் தீர்க்கவில்லை; சிகிச்சையைத் தாங்க வைத்தது. மறுவருடம் தை மாதம் எங்களை விட்டுப் போய்விட்டாய்.

முடி கொட்டி, நாக்கு புண்ணாகிக் கிடந்த ஒருநாள், ஊசி ஏறும்போது கேட்டாய்: "கட்டி ஒரு எடத்துல கீது. நாக்கு, முடி, வயிறு எல்லாம் இன்னாடி பண்ணுச்சு?"

ஆய்வகத்தில் இப்போது அதற்காகத்தான் வேலை செய்கிறோம். கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உறைக்குள் மருந்தை வைத்து, கட்டியின் செல்லில் போய் ஒட்டும் மூலக்கூறு ஒன்றை உறையின் மேல் பதிக்கிறோம். எலிகளில் மருந்து கட்டியில் கூடுதலாகத் தங்குகிறது. குடல் முன்போலப் புண்ணாவதில்லை. மனிதர்களுக்கு வர நாளாகும். ஆனால் வரும்.

சென்ற வாரக் கூட்டத்தில், அடுத்த சோதனையில் எலிகளுக்கு ஊட்டமான தீனியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றேன்.

"நாம மருந்து செய்யறவங்கம்மா, சமையல்காரங்க இல்ல" என்றார் எங்கள் தலைவர்.

நான் உட்காரவில்லை. எடை குறைந்த எலிகள் அதே மருந்தைத் தாங்காமல் துவண்ட பதிவுகளை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினேன். கடைசிப் பக்கம் வருமுன்பே, "சரி, சேத்துக்கோங்க" என்றார்.

திங்கட்கிழமை தொடங்குகிறோம். நாக்கும் முடியும் வயிறும் என்ன பண்ணின என்று கேட்டாயே, அதற்கு நான் இன்னும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லிவிடுவேன்.