மெஷினில் நீ நின்ற பக்கம்

பெறாமல் என்னை வளர்த்த செண்பகத்தக்காவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் விறகுத் தூசி இல்லாமல் இருக்கட்டும். உன் இருமல் சத்தம் கேட்காத வீட்டில் எனக்கு இன்னும் தூக்கம் பிடிக்கவில்லை. இங்கே ஒரு சங்கதி நடந்திருக்கிறது. உட்கார வைத்துச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கடையை நான் அடைக்கவில்லை. அத்தான் விட்டுப் போன விறகுக் கடையை நீயும் நானும் இத்தனை வருஷம் ஓட்டினோம். நெஞ்சு வலிக்கிறது என்று நீ சொன்ன அன்றே போய்விட்டாய் என்பதற்காக அதைப் பூட்ட மனம் வரவில்லை. ஆனால் விறகு பிளக்கிற மெஷின் சும்மாதான் கிடந்தது. புளிய உருட்டுக் கட்டையை ஒரு முனையில் நானும் மறுமுனையில் நீயும் பிடித்துத்தானே மெஷின்மேல் ஏற்றுவோம்? லிவரைத் தள்ள எனக்கு ஒரு கை போதும். ஏற்றுவதற்கு நீ வேண்டுமே.

கூலிக்கு ஆள் வைத்துப் பார்த்தேன். இன்றைக்கு வந்தவர் நாளைக்கு மில் வேலைக்குப் போய்விடுகிறார். நானே நெம்பி ஏற்றப் போய் இடுப்பு பிடித்துக்கொண்டு படுத்தேன். டீக்கடைக்காரர் மனைவி தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். நல்லவள்தான். வைத்துவிட்டு அவள் போன பிறகு, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். வெளியே லாரி போகும் சத்தம் கேட்கும். நம் வாசலில் நிற்கிற லாரியா என்று காது தானாகத் தேடும்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவாக் கடைக்காரர் நேரிலேயே வந்தார். பெரிய கட்டையில் பிளந்த புளிய விறகுதான் நின்று எரியும் என்பார், உனக்குத் தெரியாததா. இனியும் தர முடியாதென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. இரக்கப்பட்டுச் சொன்னார்.

உன் மகள் கலா ஆலங்குளத்திலிருந்து தினமும் போன் செய்கிறாள். “எதுக்கு சித்தி ஒத்தையில அந்த மெஷினோட மல்லுக்கட்டுதீங்க? வித்துப்போட்டு இங்க வந்துருங்க.” அவள் சொன்னதும் நியாயம்தான். வாரேன், வாரேன் என்று சொல்லிச் சொல்லி நாளைக் கடத்தினேன்.

கடைசியில் பஸ் ஏறி ராஜபாளையம் போனேன். நம் மெஷினைச் செய்து தந்த லேத் பட்டறை காதர் பாயிடம், ஒரே ஆள் கட்டை ஏற்றுகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். மெஷினோடு ஒரு தூக்கி பொருத்திவிடலாம் என்றார். தரையோடு படுத்திருக்கும் ஓர் இரும்புத் தகடு. கடப்பாரையால் கட்டையை அதன்மேல் உருட்டிவிட்டால் போதும். இன்னொரு லிவரை இழுத்ததும், மெஷினில் ஓடும் ஆயிலே தகட்டைத் தூக்கிக் கட்டையை மேலே சாய்த்துவிடுமாம். அந்தச் செலவுக்குத் தோடு விற்றதை நீ ஏசாதே. உன்னுடையது அல்ல, என்னுடையது.

பாய் வந்து அளவெடுத்தார். தூக்கி இந்தப் பக்கம்தான் வரவேண்டும் என்று சாக்பீஸால் கோடு போட்டார்.

“அந்தப் பக்கம் வேண்டாம் பாய்.”

“ஏம்மா?”

“அது எங்கக்கா நிக்கிற பக்கம்.”

அவர் சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். லிவர் இருக்கிற பக்கமே தூக்கியும் வந்தால் நிற்க இடம் நெருக்கம் என்று மட்டும் சொன்னார். நான் பிடிவாதமாக இருந்தேன். நான் சொன்ன பக்கமே வெல்டிங் வைத்துப் பொருத்தினார்.

மறுநாள் ஓட்டிப் பார்த்தோம். தகடு நன்றாகத்தான் தூக்கியது. பாதி உயரத்தில் கட்டை புரண்டு என் பக்கமே சரிந்தது. மெஷினுக்கும் கட்டைக்கும் நடுவில் நான். ஒதுங்க இடமில்லை. பாய் என் தோளைப் பிடித்து இழுத்தார். கட்டை விழுந்ததில் செருப்பு மட்டும் மாட்டிக்கொண்டது. ஓடிப்போய் இன்ஜினை நிறுத்திவிட்டு வந்தார்.

“அவிய இருந்தா இப்படிச் செய்ய விட்டுருப்பாவளா யம்மா?” என்றார்.

விட்டிருப்பாயா அக்கா? கட்டைக்கு முன்னால் நீயல்லவா என்மேல் விழுந்து தள்ளியிருப்பாய். தரையில் உட்கார்ந்து அழுதேன். நீ போன அன்றுகூட, வந்தவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்ததில் அப்படி அழவில்லை. பாய் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பொறவு முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாற்றிவிடச் சொன்னேன்.

வெட்டி எடுத்து உன் பக்கம் பொருத்தினார். தகடு தரைமட்டத்துக்குப் படுக்க மண்ணைத் தோண்ட வேண்டியிருக்கும் என்று மண்வெட்டி எடுத்தார். தோண்ட வேண்டியிருக்கவில்லை. நீ நின்று நின்று அங்கே பள்ளமாகியிருந்தது.

இப்போது அது தூக்குகிறது. எவ்வளவு பெரிய கட்டையானாலும் முனகாமல் தூக்குகிறது. பால்கோவாக் கடைக்கு முதல் லோடு போய்விட்டது. அவர் விறகைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஈரமே இல்ல, காய்ச்சல் நல்லா இருக்கு என்றார். அதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று வேகவேகமாக வந்து கதவைத் திறந்தேன். அப்புறம்தான் உறைத்தது. மெஷின் கட்டையைத்தான் தூக்கும், இல்லையா? டீ ஆறிப்போகிறது என்று ஏசாது. நான் புளிப்புக் கூட்டி வைத்த குழம்பைக் குறை சொல்லாது.

அக்கா, இன்னொன்று. கலா முழுகாமல் இருக்கிறாள். நேற்றுத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, “அம்மா இல்லாம எங்க சித்தி போவேன்?” என்று அழுதாள். இந்த வீட்டைப் பூட்டிவிட்டு நான் ஆலங்குளம் போயிருந்தால் அவளுக்குத் தாய் வீடு ஏது? கடையை ஏன் விடவில்லை என்று எனக்கே அப்போதுதான் விளங்கியது.

ஏழாம் மாசம் நான் போய் வளையல் போட்டு அவளை இங்கே கூட்டி வருவேன். உன் கட்டிலில் படுக்க வைப்பேன். பிள்ளைக்கு வெந்நீர் போட நம் விறகு இருக்கிறது. நீ செய்யவேண்டியது எதையும் குறை வைக்கமாட்டேன். இது உன்மேல் ஆணை.

உன் கூடப்பிறந்தவள்,
கலாவுக்கு இனி அம்மாவாகவும் இருக்கப்போகிற
பாக்கியம்