கீழ்த்தட்டுக்காரரின் மூக்கு

அன்பு மகளுக்கு,

சித்தி எழுதுவது. இங்கே நான் நலம். உன் அப்பா மூக்கைத் தவிர மற்றபடி நலம். அங்கே நீயும் உன் அறைத்தோழிகள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள், போன வாரம் போனில் இருமிக்கொண்டே பேசினாயே, அது விட்டதா, இல்லை என்னிடம் விட்டது என்று சொல்வதற்காக விட்டதா? கட்டிலை ஜன்னலுக்கு நேராகப் போட்டிருப்பதாகச் சொன்னாய், முதலில் அதை நகர்த்து. மூக்கைத் தவிர என்று நான் எழுதியதை நீ இன்னொரு முறை படித்திருப்பாய். கைப்பிழை இல்லை. நாள் முழுக்க அச்சகத்தில் உட்கார்ந்து அடுத்தவர் பிழையைத் திருத்துகிறவள் முதல் பத்தியிலேயே தவறு விடுவேனா. போனில் சொல்ல முடியாது, கூடத்தில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அதனால்தான் கடிதம்.

விடுமுறைக்கு வரவேண்டாம், உன் அறைக்கு வர்ணம் அடிக்கிறோம், வீடே தலைகீழாகக் கிடக்கிறது என்று அப்பா சொன்னார் அல்லவா. நீ அதற்கு "சரிப்பா" என்று மட்டும் சொன்னாய். அந்தச் சரிப்பா எவ்வளவு சின்னதாக இருந்தது என்று எனக்குத் தெரியும், போன் சத்தமாகத்தான் வைத்திருந்தார். சித்திதான் சொல்லிக் கொடுத்திருப்பாள் என்று உனக்குத் தோன்றியிருந்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், உன் இடத்தில் இருந்தால் எனக்கும் தோன்றியிருக்கும். உண்மை என்னவென்றால் வர்ணம் அடிக்கும் பேச்சை நானே அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். வீட்டில் அதுவரை ஒரு தூரிகை கிடையாது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் அல்லவா, சொன்ன பொய்யை நிஜமாக்காமல் அவருக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே இரண்டு டப்பா வர்ணத்தோடு வந்து நின்றார். உன் புத்தகங்களை எல்லாம் நடைக்கு மாற்றி, ஜன்னலைத் திறக்காமலேயே நாள் முழுக்க அடித்துவிட்டு, அந்த அறைக்குள்ளேயே பாயைப் போட்டுப் படுத்துக் குறட்டை விட்டார். எனக்கு வாசலில் நிற்கவே கண் எரிந்தது. அவரோ எழுந்து வந்து தலை மட்டும் கொஞ்சம் வலிக்கிறது, காரணம் தெரியவில்லை என்றார். நான் அப்போதே கண்டுபிடித்திருக்க வேண்டும். கண்டுபிடிக்கவில்லை.

குளிர் தொடங்கியபோது அவருக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது உனக்குத் தெரியும். காய்ச்சல் போகும்போது வாசனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதை அவர் என்னிடமும் சொல்லவில்லை, கடை முதலாளியம்மாவிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார். பதினேழு வருடமாகக் கடையில் கீழ்த்தட்டுக்கு ஒயின் பொறுக்குவது அவர் வேலை. மேல்தட்டில் இருப்பதை விலையைப் பார்த்தே யாரும் எடுத்துவிடலாம், மாதச் சம்பளக்காரர் வாங்கக்கூடிய கீழ்த்தட்டில் குடிக்கத் தகுந்தது எது என்று கண்டுபிடிக்கத்தான் மூக்கு வேண்டும் என்று நீ சின்னப் பெண்ணாக இருந்தபோதிலிருந்து உன்னிடம் சொல்லிச் சொல்லியே பெருமைப்பட்டவர். கடையில் அவரைக் கீழ்த்தட்டுக்காரர் என்று கூப்பிடுவதை அவர் ஏதோ பட்டம் மாதிரி வைத்திருக்கிறார்.

எனக்குத் தெரிந்தது மூன்று சனிக்கிழமைக்கு முன்னால். மதியம் கடையில் எப்போதும் போல ருசி பார்க்கிற கூட்டம், ஆறு பாட்டில், ஆறு விதமான சீஸ், நீண்ட மேஜையைச் சுற்றிப் பதின்மூன்று பேர். நான் வழக்கம்போலக் கண்ணாடிக் கிளாஸ்களைக் கழுவித் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பாட்டிலைத் திறந்து எல்லோருக்கும் ஊற்றி, நன்றாகப் பழுத்த பிளம் பழ வாசனை, பின்னால் கொஞ்சம் மிளகு என்று அப்பா சொல்லிக்கொண்டே போனார். வாராவாரம் வருகிற பாட்டு வாத்தியார் கிளாஸுக்குள் மூக்கை விட்டு எடுத்துவிட்டு, "பிளம் எங்க இருக்கு, எனக்கு ஈரத் துடைப்பம்தான் வருது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தக்கை அடைப்பான் கெட்டு ஒயினிலும் அந்த நாற்றம் ஏறிப்போன பாட்டில். பத்தில் ஒருவர் மூக்குக்குத் தப்பலாம், அப்பா மூக்குக்குத் தப்பவே தப்பாது. அவர் ஒரு கிளாஸை எடுத்து ஆழமாக மோந்தார். மோந்துவிட்டு, வாயைத் திறப்பதற்கு முன்னால், சுற்றி இருந்தவர்களின் முகத்தைப் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் பக்கத்திலிருப்பவர் உதட்டைப் பார்ப்பது போல. அதன் பிறகுதான் ஆமாம், கெட்டுப்போச்சு, வேறு திறக்கிறேன் என்றார். அந்தப் பார்வையை வேறு யாரும் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நான் ஒரு காரியம் செய்தேன், அதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏதோ கருகுகிற வாசனை வருதே என்றேன். எதுவும் கருகவில்லை, அடுப்பே மூட்டவில்லை. அவர் ஆமாம், வருதில்ல, என்று எழுந்து சமையலறைக்கு ஓடினார். போனவர் திரும்பி வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது அணைந்து கிடந்த அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். "நாலு மாசமாச்சு" என்றார், திரும்பாமலேயே. நானும் உன் அப்பாவும் சண்டை போட்டால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், ஒருவர் தட்டைத் துடைப்பார், மற்றவர் துடைத்த தட்டையே மறுபடி துடைப்பார். அன்றைக்கு ஒரு தட்டும் மிச்சமில்லை.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நரம்பு தன்னால் சரியாகலாம், மாதங்கள் ஆகலாம், வருடமும் ஆகலாம், வராமலும் போகலாம் என்றார். தினமும் காலையில் நாலு பொருளை மோந்து பழகச் சொல்லியிருக்கிறார். எலுமிச்சை, கிராம்பு, காபித் தூள், சோப்பு. அப்பா வரிசையாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடி உட்காருகிறார். நேற்று காபித் தூளில் என்னமோ தெரிகிறது என்றார், தூள் மூக்குக்குள் போய்த் தும்மியதுதான் மிச்சம்.

முட்டி வலிக்கிறது, இனிமேல் நிற்க முடியாது என்று முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டு மரியாதையாக விலகிவிடலாம் என்று திட்டம் போட்டு வைத்திருந்தார். நாக்கு இருக்கிறதா இல்லையா என்று நான் கேட்டேன். நாக்கு அப்படியேதான் இருக்கிறது என்றார். பிறகு என்ன? மறுநாளிலிருந்து தினமும் மாலையில் சமையலறை மேஜையில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம், அவர் கொண்டுவந்த கீழ்த்தட்டு பாட்டில்கள் ஆறு, கடையில் சீஸ் வெட்டுகிற அக்கா பொட்டலம் கட்டிக் கொடுத்த ஓரத் துண்டுகள். மூக்கு நான், நாக்கு அவர். எனக்கு இந்த வாசனைகளுக்கெல்லாம் பெயர் தெரியாது, தெரிந்ததைச் சொன்னேன். பென்சில் சீவல், இஸ்திரி வைத்த ஈரத்துணி, புதுப் புத்தக முதுகில் தடவிய பசை. "பசைன்னு அட்டையில எழுதி வெச்சா எவன் வாங்குவான், புள்ளிக்காரி?" என்றார். எழுத்துக்குப் புள்ளி வைத்துப் பிழைக்கிறவள் என்று எனக்கு அவர் வைத்த பெயர் உனக்குத் தெரியுமே. "நீங்க காட்டுப் பழம்னு எழுதறீங்களே, நம்ம கடைக்கு வர்றவங்கள்ல காட்டுக்குப் போனவங்க யாரு?" என்றேன். சிரித்துவிட்டார். நாலு மாதத்தில் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அவர் நாக்கு கண்டுபிடித்ததை உனக்கும் எழுதச் சொல்லியிருந்தால் ரொம்ப சந்தோஷமாக எழுதியிருப்பார், நானே எழுதுகிறேன், தோழிகளோடு செய்து பார். மலிவான சிவப்பு ஒயின் தனியாகக் குடித்தால் நாக்கைப் பிடித்து இழுக்கிற மாதிரி துவர்க்கும், பாதிப் பேர் அதனாலேயே மட்டம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நாள்பட்ட கெட்டியான சீஸில் ஒரு துண்டு கடித்து மென்று, அது வாயில் இருக்கும்போதே ஒரு மடக்குக் குடி. துவர்ப்பு போன இடம் தெரியாது. ரொம்பப் புளிக்கிற வெள்ளை ஒயினுக்கு ஆட்டுப்பால் சீஸ், புதிதாகச் செய்த மெத்தென்றது, இரண்டு புளிப்பும் ஒன்றையொன்று அடக்கிக்கொள்ளும். உப்புக் கரிக்கிற நீலப் பூஞ்சை சீஸுக்கு இனிப்பு ஒயின். இதில் எதற்குமே மூக்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை, பதினேழு வருடம் மூக்கை நம்பி நாக்கை ஏமாற்றிவிட்டேன் என்றார். நீ வெறும் வயிற்றில் மட்டும் குடிக்காதே. ஒரு கிளாஸோடு நிறுத்து. சீஸை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் சாப்பிடாதே, அரைமணி நேரம் வெளியே வை.

போன சனிக்கிழமை பாட்டிலுக்கு ஒன்றாக என் கையெழுத்தில் இருந்த அட்டைகளை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். வாசனைக்கு நான் எழுதியதைப் படித்துவிட்டு ருசியைத் தானே சொல்வது என்று ஏற்பாடு. இரண்டு பாட்டில் நன்றாகவே போனது. மூன்றாவது ஒரு வெள்ளை ஒயின். அதை மோந்தபோது எனக்கு உன் ஞாபகம் வந்திருந்தது, வந்ததை அப்படியே எழுதியிருந்தேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மழையில் நனைந்து வந்த பிள்ளையின் தலை, என்று படித்தார். அதற்கு மேல் படிக்கவில்லை. அட்டையை மேஜையில் கவிழ்த்து வைத்தார். கிளாஸ் கழுவுகிற இடத்திலிருந்து எனக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. "எனக்கு மூக்கு போயிடுச்சுங்க" என்றார். "காய்ச்சல்ல போச்சு. இதெல்லாம் என் வீட்டுக்காரி மோந்து எழுதினது. அன்னைக்கு பிளம்னு சொன்னேன்ல, அது பழைய ஞாபகம். வாசனை இனிமே நீங்க சொல்லுங்க. வாய்ல என்ன நடக்குதுன்னு நான் சொல்றேன்."

பாட்டு வாத்தியார், அப்படியானால் துடைப்பத்தைக் கண்டுபிடித்த எனக்குத்தான் இனி முதல் கிளாஸ் என்றார். கல்லாவில் இருந்த முதலாளியம்மா எழுந்து வந்து, நாக்கு இருக்கிறதல்லவா, அடுத்ததைத் திறங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான். இனி எந்த பாட்டிலைத் திறந்தாலும் முதலில் சீஸ் அக்கா மோந்து பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. வேலைக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை. அதற்காக நான் இந்தக் கடிதம் எழுதவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன். கடைக்கு வருகிற பதின்மூன்று பேரிடம் சொல்ல முடிகிறது, பெற்ற பெண் ஒருத்தியிடம் சொல்ல முடியாமல் அவளை வரவேண்டாம் என்று ஏன் தடுத்தீர்கள் என்று. தபால் நிலையம் தாண்டிய பிறகு சொன்னார்: "அவ வந்து எறங்கினா நான் மொதல்ல என்ன செய்வேன்? அவ உச்சிய மோந்து பாப்பேன். ஒண்ணுமே வரலைன்னா?" பிறகு இன்னொன்றும் சொன்னார். உன் அம்மாவின் வாசனை உன் உச்சியில் கொஞ்சம் இருக்கிறதாம். அவள் போன பிறகும் அது போகவில்லையாம். இத்தனை வருடத்தில் என்னிடம் இதை அவர் சொன்னதே இல்லை. எனக்கு வருத்தமோ என்று நினைக்காதே, இல்லை. உனக்கு நான் எண்ணெய் வைத்துத் தலை பின்னிய நாட்களில் அந்த வாசனையோடுதான் நானும் இருந்திருக்கிறேன், பெயர் தெரியாமல் இருந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

உச்சி முகர்ந்தாள், உச்சி முகர்ந்தான் என்று ப்ரூஃபில் எத்தனை முறை பார்த்திருப்பேன். ரகரம் சரியா என்று பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். நம் பேச்சில் பிள்ளையைக் கொஞ்சுவதற்கு மூக்கு வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உன் அப்பா பயப்படுவது கடையைப் பற்றி அல்ல. உன் முன்னால் குனிந்து, வெறும் காற்றை இழுத்து, உனக்குத் தெரியாமல் முகத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டி வருமே என்றுதான். அவருக்கு அந்த நடிப்பு வராது என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

அதனால் நீ வா, கண்ணு. வாசனை வரலாம், வராமலும் போகலாம், வரும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. வராவிட்டால் என்ன செய்வது என்று அவர் தனியாக உட்கார்ந்து யோசித்தது போதும். நீ தலையைக் காட்டு, அவசரப்பட்டு எடுத்துவிடாதே, அவர் எவ்வளவு நேரம் நிற்கிறாரோ அவ்வளவு நேரம் நில். அழுதால் அழட்டும். நீயும் அழுதால் பரவாயில்லை, நான் அடுப்படியில் இருப்பேன்.

உன் அறைக்கு வெளிர் பச்சை அடித்திருக்கிறார், ஒரு மூலையில் திட்டுத் திட்டாக இருக்கிறது, பார்த்ததும் சொல்லிவிடாதே. டிக்கெட்டை இந்த வாரமே எடுத்துவிடு, ஜன்னல் ஓரம் வேண்டாம், இருமல் இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள். வேலையிலும் மனதிலும் நீ நினைப்பதெல்லாம் நடக்கட்டும், எந்த ஊரில் இருந்தாலும் நன்றாக இரு.

அவருக்குத் தெரியாமல் உனக்கு இதை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. உறையில் உன் விலாசத்தை எழுதி, ஒட்டாமல், கடிதத்தை அவர் காலையில் உட்காரும் மேஜையில் எலுமிச்சைக்கும் கிராம்புக்கும் நடுவில் வைத்துவிட்டு நான் அச்சகத்துக்குப் போகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போட்டாலும் நான் ஒன்றும் கேட்கமாட்டேன். தபாலில் போட வேண்டியவர் அவர்தான். இது உன் கைக்கு வந்திருந்தால், உறையை ஒட்டியது உன் அப்பா.

உன் சித்தி