கவினுக்குக் காது குத்தியாச்சுக்கா

இல்லக்கா, அமுக்கிப் பிடிக்கவில்லை. ஒருத்தரும் அவன் கையைக் காலைத் தொடவில்லை. நீ முதலில் அதைத்தான் கேட்பாய், அதனால் அதையே முதலில் சொல்லிவிட்டேன். என் தங்க அக்கா, உன் மகனுக்குக் காது குத்தியாகிவிட்டது.

நீ இருந்தபோதே, ஓடிவிடுவான் என்று பயந்து தள்ளித் தள்ளிப் போட்ட விசேஷம். நீ போன பிறகு அவனை யாராலும் சமாளிக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் தினம் ஒரு புகார். மச்சான் முடிவே பண்ணிவிட்டார், காதுகுத்து முடிந்ததும் ஹாஸ்டல் என்று.

அதற்கு முன்னால் தேனியில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். ஏடிஎச்டி என்றார். திமிர் இல்லையாம், வளர்ப்புக் குறையும் இல்லையாம். கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது அவனுக்கு நிஜமாகவே கஷ்டமாம். வேலையைச் சின்னதாகப் பிரித்துக் கொடுங்கள், அடுத்து என்ன என்று முன்னாலேயே சொல்லுங்கள், முடித்ததும் அப்போதே பாராட்டுங்கள் என்றார். வளர்ப்புக் குறை இல்லை. அதைக் கேட்க நீ இருந்திருக்க வேண்டாமா? எத்தனை பேர் உன்னைச் சொன்னார்கள்?

திரும்பி வரும்போது மச்சான் சின்னமனூரில் டீக்கு வண்டியை நிறுத்தினார். அப்புறம், "ஹாஸ்டல்ல கண்டிச்சு வச்சா சரியாயிருவான் மாப்ள" என்றார்.

கோயிலில் மொட்டை எடுக்க உட்கார வைத்தோம். கொஞ்சம் வழித்ததுமே ஓட்டம். பெரியப்பா கத்தினார். "ஏலே, நாலு பேரு புடிங்கடா! மாமங்காரன் என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறான்?"

நான் பிடிக்கவில்லை. கவின் கையில் ஒரு சொம்பைக் கொடுத்தேன். "தல நனைக்கத் தண்ணி வேணும்டா. குழாய்ல புடிச்சுட்டு வா. வந்ததும் இந்தப் பக்கம் மட்டும்." போனான், வந்தான், உட்கார்ந்தான். ஒரு பக்கம் முடிந்ததும் மறுபடி சொம்பு, மறுபடி ஓட்டம்.

"இது மொட்டையா, தவணையாடா?" என்று சின்ன அத்தை சிரித்தது.

"தவணைல எடுத்தாலும் மொட்டை மொட்டைதேன் அத்தை."

பிறகு என் மடி. ஊசியை எடுத்த ஆசாரி நிறுத்திவிட்டார். எல்லாரும் கவினை முறைத்தார்கள். ஆசாரி என்னைப் பார்த்தார். "பிள்ள சும்மாத்தேன் இருக்கான். உங்க காலுதேன் ஆடுது. மொதல்ல நீங்க ஆடாம இருங்க தம்பி!"

கவின் திரும்பி என் தாடையைப் பிடித்தான். "மாமா, இந்தக் காது மட்டும். அடுத்து அந்தக் காது. அவ்வளவுதேன்."

கோயிலே சிரித்தது. குத்தும்போது கத்தினான், என் கையைக் கடித்தான். ஆனால் மடியை விட்டு இறங்கவில்லை அக்கா.

மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார். "ஏன் மாப்ள, அந்தச் சொம்பு விவரம் வீட்டுப்பாடத்துக்கும் ஆகுமா?"

"ஆகும் மச்சான். ஆனா நாளைக்கே ஆகாது. சொதப்பும். திரும்பத் திரும்பச் செய்யணும்."

இலையை மடித்தார். "அப்ப இங்கனயே படிக்கட்டும்." அப்புறம், "நீயும் அந்த டாக்டர்ட்ட ஒருதடவ காமிச்சுக்கடா" என்றார்.

பாலிடெக்னிக்கை நான் பாதியில் விட்டபோது கொழுப்பு என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் ஏடிஎச்டிதானா, வேறா? தெரியவில்லை. போய்க் கேட்கத்தான் போகிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் அளக்க மாட்டேன். நேற்றும் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தான். ஆனால் ஒரு பக்கம் எழுதுகிறான், ஒரு சுற்று ஓடுகிறான், திரும்பி வந்து அடுத்த பக்கம் எழுதுகிறான்.

இன்றைக்கு டீச்சரைப் பார்க்கப் போகிறோம். முன் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லி, நடுவில் போர்டு அழிக்கிற வேலை கொடுக்கச் சொல்லிக் கேட்கணும். முடியாது என்றால் மறுபடி போவேன், தலைமையாசிரியரிடமும் போவேன். அவன் படித்து முடிக்கும்வரை போய்க்கொண்டே இருப்பேன் அக்கா, இது சத்தியம்.

நீ போன பிறகு அந்தப் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத மச்சான், இன்றைக்கு வேட்டி மாற்றிக்கொண்டு எனக்கு முன்னால் வண்டியில் ஏறிவிட்டார். ஹாரன் அடிக்கிறார். போகணும்க்கா.

உன் தம்பி,
கவினின் மாமன்