ஒருவர் மட்டும் விரிக்கக்கூடியது

மில்டூரா
ஞாயிற்றுக்கிழமை காலை, மே மாதம்

அன்பு மகள் டாம்சினுக்கு,

முதலில் என் மானம் போன கதை. வேறு யாராவது உனக்குச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். போன வாரம், ஊருக்கு வெளியே கேம்பர் டிரெய்லர் விற்கும் இடத்தில், அத்தனை பேர் பார்க்க, உன் அப்பன் ஒரு கூடாரத்துக்குள் மாட்டிக்கொண்டான். காருக்குப் பின்னால் கோத்து இழுத்துப் போய், நின்ற இடத்தில் மூடியைத் திறந்து கான்வாஸை இழுத்துக் கட்டினால் அது வீடாகிவிடும். அப்படித்தான் விற்கிறவன் சொன்னான். "ஒத்த ஆளே விரிச்சிரலாம் மெர்வ், கண்ண மூடிக்கிட்டே செய்யலாம்" என்றான். நானும் வீராப்பாக இறங்கினேன். ஒரு கம்பி நழுவியது, மொத்தக் கான்வாஸும் என் தலைமேல் இறங்கியது. உள்ளேயிருந்து இருமினேன். ஸ்டார்ட் ஆகாத புல்வெட்டும் இயந்திரம் மாதிரி கேட்டதாம். உன் அம்மா வந்து ஜிப்பைத் திறந்து என் தலையை வெளியே இழுத்து, சுற்றி நின்றவர்களிடம், "பிரசவம் நல்லபடியா முடிஞ்சுது. புள்ளதான் கொஞ்சம் கிழடா இருக்கு" என்றாள்.

ஃபோனில் பேசினால் அவள் பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் கடிதம். பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு நிம்மதி கொடுத்தவன் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நீ இருக்கும் அபர்டீனில் இன்னும் குளிரா, ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள்.

உடம்பைப் பற்றி நர்ஸான உன்னிடம் பொய் சொல்ல முடியாது. சமையலறை மேடைகளுக்காக அத்தனை வருடம் அறுத்த கல்லின் தூசி நுரையீரலில் உட்கார்ந்துகொண்டது, எழுந்து போகாது. அது உனக்குத் தெரிந்ததுதான். பயணம் போகலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "இந்தக் குளிர்காலம் போயிட்டு வாங்க, அடுத்த குளிர்காலத்தப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

குயின்ஸ்லாந்தில் பெய்த மழை ஆறுகளில் இறங்கி ஐர் ஏரிக்கு வந்துகொண்டிருக்கிறது. வெறும் உப்புத் தரையாகக் கிடக்கும் அந்த ஏரியில் தண்ணீரும், எங்கிருந்தோ வந்துசேரும் கூழைக்கடாக்களும் நிற்பதைப் பார்க்க வேண்டுமென்று அம்மா கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவருகிறாள். ஒவ்வொரு வெள்ளத்தின்போதும் யார் வீட்டுச் சமையலறையோ எனக்கு அவசரமாக இருந்தது. இந்த முறை போகிறோம். தூசியால் கெட்டவன் மண் ரோட்டுக்குப் போகிறானா என்று திட்டாதே. கார்க் கண்ணாடியை ஏற்றி, முகமூடி போட்டுக்கொண்டு சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

நான் தேடியது என்னவென்று உனக்கு மட்டும் சொல்கிறேன். நான் இல்லாத வருடங்களிலும் அவள் தனியாக இழுத்துப் போய், தனியாக விரித்து, தனியாக மடித்துக்கொண்டு வீடு வந்து சேரக்கூடிய வண்டி. அவளிடம், என் முதுகு தாங்காது, லேசானதாக வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தேன்.

என்னை விழுங்கிய டிரெய்லர் புத்தம் புதுசு, பதினோராயிரம் டாலர். பாத்திரத் தொட்டி, விளக்கு, இழுத்தால் வெளியே வரும் அடுப்பு மேடை எல்லாம் உண்டு. அந்த மேடையைத் தட்டிப் பார்த்தேன். கல் மாதிரி சாயம் அடித்த பிளாஸ்டிக். நாங்களும் இதையே போட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அடியில் படுத்துப் பார்த்தேன். இரும்பைப் பற்றவைத்த இடமெல்லாம் கோழி கிளறினதுபோல் இருந்தது. தார் ரோட்டில் ஓடும். ஏரிக்குப் போகும் வழியில் மாரீ ஊரைத் தாண்டினால் தகரக் கூரையைப் படுக்கவைத்த மாதிரி அலையலையான ரோடு. அங்கே ஸ்பிரிங் உடைந்தால், உதவிக்கு வண்டி வர மறுநாள்கூட ஆகலாம். அவள் தனியாக அங்கே நிற்பதை நினைத்துப் பார்த்தேன். வேண்டாம் என்று எழுந்து வந்தேன்.

நேற்று ஊயென் பக்கம் லயல் நோஸ்கே என்ற கோதுமை விவசாயியிடம் போனோம். அவருடையது பதினைந்து வருடப் பழசு. விலை மட்டும் புதுசைவிட அதிகம், பதினாலாயிரம். "தொட்டி கிடையாது, லைட்டு கிடையாது. ஆனா ஸ்பிரிங் உடையாது. கான்வாஸ் போதுமான மழை பாத்துருச்சு, தையல் ஓட்டையெல்லாம் நூல் ஊறி அடைஞ்சு போச்சு, சொட்டு ஒழுகாது. விலைய குறைக்க மாட்டேன், டீ வேணா போட்டுத் தரேன்" என்றார். நுரையீரலுக்காகக் கிடைத்த இழப்பீட்டுப் பணத்தில் இவ்வளவை ஒரு பழைய பெட்டிக்குக் கொடுப்பதா என்று நான் வாயைத் திறக்கும் முன், அம்மா அவரிடம் கேட்டாள்:

"ஒரு பொம்பளை தனியா விரிக்க முடியுமா இத?"

நான் குனிந்து டயரைப் பார்த்தேன். நல்ல டயர்தான். லயல் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "விரிச்சுப் பாருங்க கிளெனிஸ், நான் கை வைக்கல" என்று தள்ளி நின்றார். அவள் மூடியைத் திருப்பினாள், கம்பிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். ஒரு மூலை தொய்ந்ததும் பழக்கத்தில் என் கை நீண்டது. "கைய எடு, மெர்வ்" என்றாள். கோபமில்லை. நானில்லாமல் அந்த மூலையும் நிமிர்ந்தது.

மடித்து முடித்ததும் அதைக் காருக்குப் பின்னால் கோத்து, தானே ஏறி, ரிவர்ஸ் எடுக்கிறேன் என்றாள். இந்த நாட்டில் பாதிக் கல்யாணங்கள் ஆட்டம் காண்பதே டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும்போதுதான். நானும் முறைப்படி பின்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, கண்ணாடியைத்தான் பார்த்தாள். நேராகக் கொண்டுபோய் லயலின் கொட்டகைக்குள் விட்டாள். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். "ஃபுட்பால் மைதானத்துல. பக்கத்து வீட்டு டிரெய்லர் வச்சு, கோடை பூரா. நீ என்னை வரவேணாம்னுட்டு ஸ்கேனுக்குப் போவியே, அந்த நாள்லதான்" என்றாள்.

அதையே வாங்கிவிட்டோம். அடுத்த வாரம் புறப்படுகிறோம்.

மகளே, அடுத்த வருடம் லீவு போட்டு ஊருக்கு வா. ஏரியில் தண்ணீர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவளோடு எங்கேயாவது போ. முன் சீட்டில் உட்கார்ந்து வழி பார்த்துச் சொல். கத்தாதே, அவளுக்கு வழி தெரியும். பேச்சுத்துணைதான் வேண்டும்.

உறையை ஒட்டுவதற்கு முன் இன்னும் ஒன்று. வாங்குவதென்று முடிவானதும், படுக்கை எப்படி என்று பார்க்க அதைக் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்து மறுபடியும் விரித்தோம். லயல் டீ போடப் போனார். அம்மா ஏறி, வீட்டில் படுக்கிற மாதிரியே இடது ஓரமாக, எனக்கு இடம் விட்டுப் படுத்தாள். நானும் ஏறி என் பக்கத்தில் படுத்தேன். கான்வாஸ் வழியாக வெயில் மஞ்சளாக இறங்கியது. "என்ன சொல்ற?" என்றாள். "ஸ்பிரிங் நல்லா இருக்கு" என்றேன்.

நடுவில் படுத்துப் பழகிக்கொள் கிளெனிஸ் என்று மட்டும் சொல்லவில்லை.

நீ நன்றாக இரு.

உன் அப்பா
மெர்வ் பாஸ்கோ